மஞ்சள் கட்டிய வால்வு

இந்த வாரம் எழுதப்போகிற சங்கதியைப் பல வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்தத் தொடரை ஆரம்பித்தபோதே எழுதியிருக்க வேண்டியது. பேனாவை எடுப்பேன், முருகா என்பேன், வேறு எதையாவது எழுதி அனுப்பிவிடுவேன். மில் கதை வந்தது, மயிலம் பாதயாத்திரை வந்தது, இது மட்டும் வரவில்லை.

காரணம் பயம்தான். படிக்கிறவர்களில் பாதிப் பேர் நான் பூஜையைக் கேலி செய்கிறேன் என்பார்கள். மீதிப் பேர் இதைச் சாமியின் அதிசயம் என்று ஊதிப் பெரிதாக்குவார்கள். அதோடு இது கோவிந்தசாமி அண்ணனைப் பற்றியது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பதில் பேச முடியாத ஒருவரைப் பற்றி எழுதுவது எனக்குக் கூச்சமாக இருந்தது.

போன மாதம் அரியாங்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் அவருடைய பெரிய மகளைப் பார்த்தேன். பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள்.

"ஊர்க் கதையெல்லாம் எழுதுறீங்களே சித்தப்பா, எங்கப்பாவ எப்ப எழுதப் போறீங்க?"

"எழுதினா கோச்சுக்க மாட்டியாம்மா?"

"மஞ்சத்தூள் கதைதானே? எங்க வூட்ல பேரப்புள்ளைங்களுக்கே தெரியும். எழுதுங்க."

அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

சாம்பார் வாசனை

கத்திரி வெயில் காலம். எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திவந்த ஒரு ஆஸ்பத்திரி, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் நகரத்துக்குள்ளேயே. பெயர் வேண்டாம். பின்பக்கம் காகிதப்பூக் கொடி படர்ந்த மதிலை ஒட்டி எங்கள் பிளான்ட் ரூம். ஆபரேஷன் தியேட்டரைக் குளிர வைக்கும் இயந்திரம் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

கோவிந்தசாமி அண்ணன் ஃபோர்மேன். நான் ஆப்பரேட்டர். தேங்காய்த்திட்டு ஆரோக்கியம் ஃபிட்டர். மூன்று பேரும் சுற்றி நிற்க, மெட்ராஸிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் குழாயின் அடி வால்வைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். பெயர் ராமநாதன். குழாய்த் தண்ணீருக்கு மருந்து போடும் கம்பெனி. மதர் சுப்பீரியர் எழுதிப்போட்டு வரவழைத்திருந்தார்.

ராமநாதன் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அடியில் கறுப்பாக வண்டல். அவர் முகம் மாறிவிட்டது.

"குரோமேட்டா போட்டிருக்கீங்க, துருவுக்குப் போடற அந்த மஞ்சள் மருந்து? ஃபோர்மேன் சார், முதல்ல கையக் கழுவுங்க. இது விஷம். இதையெல்லாம் இப்ப விட்டுட்டு வர்றாங்க."

கோவிந்தசாமி அண்ணன் அசையவில்லை. "விஷமா? எங்க வூட்டு உரல்ல இடிச்சது தம்பி."

ராமநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டிலைத் தூரத்தில் வைத்தபடியே மூக்கை நீட்டினார். அப்புறம் இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார்.

"சார், சாம்பார் வாசனை வருது."

ஆரோக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். காகிதப்பூப் பக்கமிருந்து அவன் சிரிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன தண்ணியே திரும்பி வரும்

நான் முதலில் மில்லில் இருந்தவன். தறி ஓட்டினவன். மில் அடிக்கடி மூடித் திறந்து, கடைசியில் என்னைப் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அந்தக் கதையைப் போன வாரம் படித்திருப்பீர்கள். ரெட்டியார்பாளையத்திலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு தினமும் டவுனுக்கு வந்து வேலை கேட்டு அலைந்தபோது, இந்த ஆஸ்பத்திரிக் கேட்டில்தான் கோவிந்தசாமி அண்ணனைப் பார்த்தேன். "மெஷின் சத்தத்துல தூங்கிப் பழகினவனா நீ? அப்ப வா," என்று கூட்டிப்போனார்.

சேர்ந்த அன்றைக்கே கேட்டேன். "அண்ணே, தண்ணி எங்கேர்ந்து வருது, எங்க போவுது?"

"எங்கியும் போவாது. இங்க குளிர வெச்சு மேல தியேட்டருக்கு அனுப்பறோம். அங்க அது சூட்ட வாங்கிக்கும். திரும்ப இங்கியே வரும். திரும்பக் குளிர வெப்போம். போன தண்ணியே திரும்பி வரும், ஏழுமல."

எனக்கு அது பெரிய ஆச்சரியம். ஒரே தண்ணீர் குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி, வெளியில் ஒரு சொட்டுக்கூடப் போகாமல் வேலை செய்கிறது. கோயில் பிராகாரத்தைச் சுற்றி வருகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். மொட்டைமாடியில் ஒரு சின்னத் தொட்டி உண்டு. எங்காவது கசிந்து தண்ணீர் குறைந்தால் மட்டும் அதிலிருந்து இறங்கி நிரப்பிக்கொள்ளும்.

இந்த இயந்திரம் கப்பலில் வந்தது. அதை மாட்டித்தர ஒரு பிரெஞ்சுக்கார ஃபிட்டரும் வந்திருந்தாராம். எல்லோரும் அவரை 'முசே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிட்டார்களாம். நான் சேர்வதற்கு வெகு முன்பு. கோவிந்தசாமி அண்ணன்தான் அப்போது அவருக்குக் கையாள். அண்ணனுக்குப் பிரெஞ்சு பத்து வார்த்தை தெரியும், முசேக்குத் தமிழ் ஒன்றும் தெரியாது. வேலை முடிந்ததும் முசே ஒரு டின்னைத் திறந்து மஞ்சளாக எதையோ தொட்டியில் கரைத்தாராம். குழாய்த் தண்ணீர் முழுக்க மஞ்சளாகியது. டின்னைக் காட்டி, குழாயைக் காட்டி, இரண்டு கையையும் சேர்த்து மூடுவது போலச் சைகை காட்டிவிட்டுக் கப்பலேறிவிட்டார்.

"அந்த மஞ்சள்தான் குழாயக் காப்பாத்துதுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்பார் அண்ணன். "கைய மூடிக் காட்டினது மட்டும் இன்னான்னு தெரியல. கும்புடறாருன்னு நெனச்சேன். நானும் கும்புட்டேன்."

வருஷா வருஷம்

அந்த வருஷத்து ஆயுத பூஜை வந்தது. எந்த ஆயுதமானாலும் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். இயந்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்தால் போதுமா? வயிற்றுக்குள் பழைய தண்ணீர் கிடக்கிறதே. சாமி முன்னால் வைக்கிற சொம்பில் நேற்றுத் தண்ணீரை வைப்போமா? அண்ணன் அடி வால்வைத் திறந்து மொத்தத் தண்ணீரையும் வடித்துவிட்டுக் கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் நிரப்பினார். நிரப்பியதும் பார்த்தால் முசேயின் மஞ்சள் போய்விட்டது. டின்னும் காலி. அண்ணன் யோசித்தார். அழுகாமல் காக்கிற மஞ்சள் நம்மிடமும் இருக்கிறதே. வீட்டிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தில் மஞ்சள் கரைத்துக் கொண்டுவந்து கற்பூரம் காட்டி ஊற்றினார்.

அன்றிலிருந்து அது எங்கள் பிளான்ட் ரூமின் சம்பிரதாயமாகிவிட்டது. பூஜைக்குப் பூஜை பழசை வடிப்பது, புதுசு நிரப்புவது, மஞ்சள் குடம். நடுவில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மொட்டைமாடித் தொட்டியில் ஒரு பிடி. நானும் பயபக்தியோடு குடம் தூக்கியிருக்கிறேன். வடிக்கும்போது தண்ணீர் மை மாதிரி கறுப்பாக வரும். ஒரு வருஷத்து அழுக்கு போகிறது என்று எங்களுக்கு மனசு குளிரும். மதரும் ஒன்றும் சொல்லமாட்டார். காரைக்கால் பக்கத்துக்காரர், பிரெஞ்சும் தமிழும் கலந்து பேசுவார். பூஜையன்று வந்து ஓரமாக நின்று, பொரி வாங்கிக்கொண்டு போவார்.

அண்ணன் ஒரே ஒரு வருஷம் காய்ச்சலில் படுத்து, பூஜை நடக்காமல் போனது. அந்த வருஷம்தான் பெல்ட்டில் மாட்டி அவருடைய இடது கை மோதிர விரல் போனது. அதற்கப்புறம் யார் சொன்னாலும் அவர் பூஜையை விடுவாரா?

அஞ்சலை

இனி, நான் ஏன் சிரிக்கவில்லை என்பது.

என் வீட்டுக்காரி அஞ்சலைக்கு வயிற்றில் கட்டி. மாதா மாதம் அவள் படுகிற பாடு ஆண்பிள்ளை எழுதக்கூடியதல்ல. ரத்தம் போய்ப் போய் முகம் வெளுத்துவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்தால் கண் இருட்டும். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் பார்த்தார். கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும், நேரம் பிடிக்கிற ஆபரேஷன் என்றார்.

அந்த வெயிலில் தேதி குறித்தார்கள். தேதியன்று தியேட்டர் கொதித்தது. இயந்திரம் ஓடுகிறது, ஆனால் குளிர்ச்சி மேலே போய்ச் சேரவில்லை. தியேட்டரில் காற்றைக் குளிர்விக்கும் காயில் என்று ஒன்று உண்டு. கொத்துக் கொத்தாகச் சின்னக் குழாய்கள். அதெல்லாம் துரு வண்டல் அடைத்துக் கிடந்தது. அடைக்காத இடத்தில் ஊசி ஓட்டை விழுந்து ஒழுகியது. "என் வேர்வை வயித்துக்குள்ள விழும். இந்தச் சூட்டுல நான் வயித்தத் திறக்க மாட்டேன்," என்றார் டாக்டரம்மா. தள்ளிப்போட்டார்கள். இரண்டாம் முறையும் அதேதான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அஞ்சலை கேட்கவில்லை.

"அந்தம்மா கைதான் எனக்கு வேணும். அவங்கதான் இன்னா வலின்னு முழுசாக் கேட்டாங்க. நீ உன் மெஷினச் சரி பண்ணுய்யா."

வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அந்த வார்த்தை சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து என்னோடு வந்தது.

இரண்டு ஊறுகாய்ப் பாட்டில்

ராமநாதன் நல்ல பிள்ளை. சாம்பார் விஷயத்தை அவர் வெளியில் சொல்லவில்லை. அண்ணனிடம் தணிவாகத்தான் பேசினார்.

"ஃபோர்மேன் சார், வடிக்கும்போது கறுப்பா வருதுன்னு சொல்றீங்க. அது வெளியிலேர்ந்து வந்த அழுக்கு இல்ல. உங்க குழாயேதான் கரைஞ்சு வருது. புதுத் தண்ணில காத்து கலந்திருக்கும். அந்தக் காத்து இரும்பத் தின்னும். தின்னு முடிச்சதும் தண்ணி பசியாறிக் கிடக்கும். நீங்க வருஷா வருஷம் அத வடிச்சுட்டுப் பசியோட இருக்கற தண்ணிய உள்ள விடறீங்க."

பம்ப்பின் தண்டு ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்ததையும் காட்டினார். நாங்கள் அதைக் கண்டுகொண்டதே இல்லை. பம்ப் என்றால் சொட்டும்தானே. அந்தச் சொட்டுக்கு ஈடாக மொட்டைமாடித் தொட்டி தினமும் புதுத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அண்ணன் கேட்டார். "மஞ்சள் போடறமே?"

"மஞ்சள் மேல எனக்கு மரியாதை உண்டு சார். ஆனா அது இரும்புக்கு இல்ல."

"பாத்துடலாம்," என்றார் அண்ணன்.

இரண்டு ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவி எடுத்தோம். ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் அண்ணன் வீட்டு மஞ்சளும். இன்னொன்றில் ராமநாதன் கொண்டுவந்த வெள்ளைத் தூளைக் கரைத்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு புது ஆணி. பிளான்ட் ரூம் மாடத்தில் முருகன் படத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"முசே கோவிந்தசாமி," என்றான் ஆரோக்கியம், "உங்க ஆணிக்கு நான் வேணும்னா எங்க கோயில் தீர்த்தமும் வாங்கியாரட்டா? சேந்து போராடட்டும்."

"நீ மூடிட்டுப் போடா."

அடுத்த முறை ராமநாதன் வருவதற்குள் அண்ணனின் ஆணியில் துரு பூத்து, தண்ணீர் காவி கட்டிவிட்டது. மருந்துத் தண்ணீர் ஆணி, கடையில் வாங்கின மாதிரி மினுக்கியது. அண்ணன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் ஆணி மட்ட ஆணி," என்றார்.

ஆனாலும் வேலையைத் தடுக்கவில்லை. பழைய தண்ணீரை வடித்தோம். கழுவும் மருந்து போட்டு ஓட்டினோம், திரும்ப வடித்தோம். வடிகட்டியைத் திறந்தால் கறுப்பும் மஞ்சளுமாகச் சேறு. அள்ளியது ஒரு சட்டி நிறைய. ஆரோக்கியம் வியர்க்க வியர்க்க பம்ப்பின் சொட்டை நிறுத்தினான். காயிலில் ஓட்டை விழுந்த குழாய்களைப் பற்றவைத்தான். பிறகு சுத்தத் தண்ணீர் நிரப்பி மருந்து கலந்தோம். மதர் வந்து பார்த்தார். 'பொன்' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். பிரெஞ்சில் 'சரி, ஆகட்டும்' என்பது போல.

"பொன், இனி என்ன செய்ய வேண்டும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது மதர்," என்றார் ராமநாதன். "அதுதான் முக்கியம். மாசம் ஒரு தடவ கொஞ்சம் தண்ணி எடுத்து, சொட்டு மருந்து விட்டு நிறம் பாத்தா போதும். மத்தபடி இதத் திறக்கவே கூடாது. காயில் ரொம்ப மெலிஞ்சு போயிருக்கு. இன்னொரு தடவ புதுத் தண்ணி விட்டா தாங்காது. மருந்தும் இருந்தது முழுக்க போட்டாச்சு."

மதர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். நாங்கள் தலையாட்டினோம். ஆயுத பூஜை பற்றி யாரும் பேசவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முசே இரண்டு கையையும் சேர்த்து மூடிக் காட்டியது கும்பிடு இல்லை. மூடியே வை என்று சொல்லியிருக்கிறார். இதை நான் அண்ணனிடம் கடைசிவரை சொல்லவில்லை.

பூஜைக்கு முந்தின நாள்

இத்தனையும் முடிந்து தியேட்டர் குளிர்ந்தபோது புரட்டாசி பிறந்துவிட்டது. டாக்டரம்மா தேதி குறித்தார். ஆயுத பூஜை கழிந்த அடுத்த புதன்கிழமை.

பூஜை நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போனது. கோவிந்தசாமி அண்ணன் மஞ்சள் இடிக்கக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கேட்டேன். "ஆணி வேற, பூஜை வேற ஏழுமல," என்றார். விரல் இல்லாத கையைப் பார்த்துக்கொண்டார்.

என் மனசும் இரண்டுபட்டுக் கிடந்தது. கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவன் நான். தண்ணீரைத் திறந்தால் காயில் போகும், ஆபரேஷன் போகும். திறக்காமல் பூஜையைக் குறைத்து, புதன்கிழமை அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பூஜையைக் குறைத்தான், அதனால்தான் என்று ஊர் சொல்வது இருக்கட்டும். என் மனசே சொல்லுமே.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அஞ்சலை வாசலோரம் உட்கார்ந்து நார்த்தங்காய் ஜாடிக்கு வேடு கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே துணியை இறுக்கினாள்.

"இந்த ஜாடி எப்ப போட்டது தெரியுமா?"

"தெரியாது."

"நம்ம பெரியவன் பள்ளிக்கூடம் சேந்த வருஷம். இன்னும் கெடல. ஏன்?"

"நீ நல்லாப் போட்டே."

"ஈரக் கைய உள்ள விடல. பொங்கலுக்குப் பொங்கல் பழசுன்னு கொட்டிட்டுப் புதுத் தண்ணி ஊத்தியிருந்தா இன்னேரம் பூத்துப் புழு நெளியும். உப்புல ஊறின சாறு அது. சாறுதான் காயக் காக்குது. இது எனக்கே தெரியுது. மூணு ஆம்பள சேந்து அத்தினி வருஷமா கொட்டியிருக்கீங்க."

மெதுவாகக் கேட்டேன். "சாமிக் குத்தம் ஆவாதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெளுத்த முகத்தில் கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"ஊறுகாய் ஜாடிக்கும் நான் பொட்டு வெக்கறேன். வெளியிலதான் வெக்கறேன். உள்ள தொறந்து வெக்கல. எனக்காக வேண்டிக்கிறதுன்னா நல்லா வேண்டிக்கோ. தண்ணியத் தொறக்காத."

காப்பு

மறுநாள் காலை பிளான்ட் ரூமில் மாவிலை கட்டி, இயந்திரத்துக்குப் பட்டை போட்டு, பொரி கடலை வாழைப்பழம் பரப்பியிருந்தது. ஆரோக்கியம் சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தான். பூஜைக்கு அவன் சந்தனம் என்பதும் கிறிஸ்துமஸுக்கு நான் நட்சத்திரம் கட்டுவதும் எங்களுக்குள் ஏற்பாடு.

கோவிந்தசாமி அண்ணன் பித்தளைக் குடத்தோடு வந்தார். அரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில், பாலத்தைத் தாண்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவருவார். குடத்தை இறக்கிவைத்துவிட்டு அடி வால்வு பக்கம் நடந்தார்.

நான் போய் வால்வுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். அவர் முன்னால் நான் அப்படி நின்றதே கிடையாது.

"நவுரு ஏழுமல."

"அண்ணே, வேணாம்."

"இன்னாடா வேணாம்?"

"புதங்கெழம அந்த டேபிள்ல படுக்கப் போறது என் பொண்டாட்டி. கெட்டது எதுனா நடந்தா என் வூட்டுக்குத்தான் நடக்கும். உங்களுக்கில்ல, ஆரோக்கியத்துக்கில்ல. அதனால நான் சொல்றேன். தொறக்க வேணாம்ணே. குத்தம் வந்தா என் தலமேல வரட்டும்."

ஆரோக்கியம் சந்தனக் கையோடு எழுந்து நின்றுவிட்டான். கம்ப்ரஸரை நிறுத்தியிருந்ததால் அறை நிசப்தமாக இருந்தது. வெளியே யாரோ பித்தளைப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

அண்ணன் என்னைப் பார்த்தார். மாடத்தில் இருந்த இரண்டு பாட்டிலைப் பார்த்தார். அவருடைய துருப்பிடித்த ஆணி இன்னும் அங்கேயே இருந்தது. எடுத்து வீச அவருக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. வீசவில்லை. பிறகு கையைப் பார்த்தார்.

"அஞ்சல இன்னா சொல்லுது?"

"அவதான் தொறக்காதன்னா."

"அதுவே சொல்லிச்சா?"

"ஆமாண்ணே."

அண்ணன் குனிந்து, கம்ப்ரஸருக்குக் கட்ட வைத்திருந்த நூல்கண்டை எடுத்தார். நீளமாக அறுத்து மூன்றாகத் திரித்தார். குடத்துத் தண்ணீரில் முக்கினார். வெள்ளை நூல் மஞ்சளாகியது. தட்டிலிருந்த விரலி மஞ்சள் ஒன்றை அதில் முடிந்தார்.

"நவுரு," என்றார் மறுபடியும். குரல் வேறு மாதிரி இருந்தது. நகர்ந்தேன்.

அடி வால்வின் கைப்பிடியைத் துடைத்துச் சந்தனம் வைத்து, அந்த நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினார். இனிப் பிடியைத் திருப்ப வேண்டுமானால் நூலை அறுத்தால்தான் முடியும்.

"காப்பு கட்டிட்டேன். எங்கூருத் திருவிழாவுல காப்பு கட்டினா, அவுக்கறவரைக்கும் எவனும் எல்லையத் தாண்ட மாட்டான். இந்தத் தண்ணியும் தாண்டாது. கேட்டுக்கங்கடா ரெண்டு பேரும். இந்த வால்வ எவன் தொட்டாலும் அவன் என்கிட்ட பதில் சொல்லணும், சாமிகிட்ட பதில் சொல்லணும்."

ஆரோக்கியம் மெல்லக் கேட்டான். "அப்ப காப்ப எப்ப அவுக்கறது?"

"மறு பூஜைக்கு. அவுத்த கையோட புதுசு கட்டிடணும்."

"அப்ப தண்ணி வெளியவே வராதே."

"வரக் கூடாதுன்னுதானேடா அந்த மெட்ராஸ் தம்பி தலப்பாடா அடிச்சிக்கிறான்."

குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய், காகிதப்பூக் கொடியின் வேரில் அத்தனையும் ஊற்றினார். கற்பூரம் காட்டினோம். நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். அதுவரை அரைகுறையாகத்தான் வேண்டியிருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

புதன்கிழமை

அவளை உள்ளே கொண்டுபோனபோது நான் பிளான்ட் ரூமில் இருந்தேன். "தியேட்டர் வாசல்ல போய் நில்லு மச்சான், நான் பாத்துக்கறேன்," என்றான் ஆரோக்கியம். அங்கே நின்று நான் என்ன செய்வேன்? குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜில்லென்று இருந்தது. உள்ளே தண்ணீர் ஓடுவது கைக்குத் தெரிந்தது. இங்கிருந்து போய், அவள் படுத்திருக்கிற அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு, திரும்ப என்னிடமே வருகிறது. அந்த நேரம் முழுக்க நான் அவள் பக்கத்தில் நின்ற மாதிரிதான் இருந்தது. முருகனை நான் எத்தனை முறை கூப்பிட்டேனோ எனக்குத் தெரியாது. கோவிந்தசாமி அண்ணன் வாசல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக.

காகிதப்பூப் பக்கமிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் எனக்குக் காதில் விழவில்லை.

சாயங்காலம் பார்க்கவிட்டார்கள். அஞ்சலை பாதி மயக்கத்தில் கண்ணைத் திறந்தாள். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். உதட்டை ஈரமாக்கிக்கொண்டு சொன்னாள்.

"உங்க தண்ணியக் கொஞ்சம் நிறுத்தி ஓட்டச் சொல்லுய்யா. உள்ள இன்னா குளுரு. பல்லு கிட்டிப்போச்சு."

வெளியே வந்து அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பா, வேறு எதுவா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

உள்பக்கம்

எண்பதுகள் முடிகிற சமயம் ஆஸ்பத்திரியைப் பெரிதாக்கப் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். குழாயை நீட்ட வேண்டியிருந்தது. தண்ணீரைப் பீப்பாய்களில் பத்திரமாகப் பிடித்து மூடி வைத்துவிட்டு, ஆரோக்கியம் ஒரு துண்டை அறுத்து எடுத்தான். கோவிந்தசாமி அண்ணன் ஓய்வுபெற்றிருந்தார். காப்பை அவிழ்க்க அவர்தான் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பி, வந்திருந்தார்.

அறுத்த துண்டை அவர் கையில் கொடுத்தோம். மூன்று விரலை உள்ளே விட்டுத் தடவினார். பழைய தழும்பெல்லாம் குழிகுழியாக இருந்தது. புதுத் துரு ஒரு பொட்டு இல்லை. விரலை வெளியே எடுத்து முகர்ந்தார்.

"சாம்பார் வாசன போயிடுச்சுடா," என்றார்.

வேலை முடிந்து தண்ணீரைத் திரும்ப ஏற்றியதும், சட்டைப்பையிலிருந்து மஞ்சள் நூலை எடுத்தார். வரும்போதே முக்கிக் காயவைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அஞ்சலையும் அன்றைக்கு நார்த்தங்காய் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பத்துப் பேருக்கு மேல் கூடியிருந்தோம். எல்லோருக்கும் தயிர்சாதத்தோடு அவள் கையால் ஆளுக்கொரு துண்டு. அதே ஜாடி.

இவ்வளவுதான் நடந்தது. படிக்கிற நீங்கள் உங்கள் பிள்ளைகளிடமோ அக்கம்பக்கத்திலோ இதைச் சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள். மஞ்சளால் குழாய் பிழைத்தது என்று சொல்லிவிடாதீர்கள். பூஜை செய்தவர்கள் முட்டாள்கள் என்றும் சொல்லிவிடாதீர்கள். முருகன் கனவில் வந்து சொன்னதாகச் சேர்க்காதீர்கள், அவன் வரவில்லை. கோவிந்தசாமி அண்ணன் தன் ஆணியை மாடத்திலேயே வைத்திருந்ததை விட்டுவிடாதீர்கள். உங்கள் பங்குக்கு ஒரு சொட்டும் ஊற்றாமல், ஒரு சொட்டும் வடிக்காமல், கேட்டபடியே அடுத்தவரிடம் அனுப்பிவையுங்கள்.